வேலி எங்கே போயிற்று?

மோசல் ஆற்றிலே ஒரு படகு. லக்சம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்ற சிற்றூரின் கரையோரம் அது நின்றது. 1985ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் பிரான்சு, மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் அந்தப் படகில் ஏறி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தங்களுக்கு இடையே எல்லைச் சோதனையைப் படிப்படியாக எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. முந்திய ஆண்டுதான் லாரி ஓட்டும் தொழிலாளர்கள், எல்லைச் சாவடிகளிலே இப்படிக் காத்துக் கிடக்க எங்களால் ஆகாது என்று சாலைகளை மறித்திருந்தார்கள். சரக்குத் தேங்கினால் முதலாளிக்கும் நட்டம். ஆகவே வேலியை எடுக்க எல்லோரும் இசைந்தார்கள். நல்ல காரியம்தான். இரண்டு உலகப் போர்களிலே ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்தவர்கள் எல்லைக்கல்லைப் பிடுங்க முன்வந்தால் யார் குறை சொல்ல முடியும்?

அடுத்த மாதம், ஜூலையில், அதே மேற்கு ஜெர்மனி இன்னோர் ஏற்பாட்டை முடித்தது. அதற்குப் படகும் இல்லை, விழாவும் இல்லை. அந்த ஏற்பாடு நம் இனத்தவரைப் பற்றியது. தோழர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும்.

1983 ஜூலையிலே கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. உயிர் தப்பியவர்களில் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். கிழக்கு ஜெர்மனி அவர்களுக்கு வழிப்பயண அனுமதி கொடுத்தது. அங்கிருந்து ரயில் ஏறினால் மேற்கு பெர்லின். அந்தப் பக்கத்திலே பாஸ்போர்ட்டைக் காட்டு என்று கேட்பாரில்லை. ஏன்? கேட்டால், பெர்லின் சுவரை ஒரு நாட்டின் எல்லையாக ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்! சுவரையே ஒப்புக்கொள்ளாதவர்கள் சுவரின் ஓரத்திலே குடியேற்றச் சோதனைச் சாவடி போட முடியுமா? இந்தச் சட்டச் சந்திலே நுழைந்து ஈழத்தமிழர் ஆயிரக்கணக்கில் அடைக்கலம் தேடினார்கள்.

பான் நகரத்து மந்திரிமார் என்ன செய்தார்கள் தெரியுமா? மனிதனைச் சிறைவைக்கும் சுவர், அவமானச் சுவர் என்று மேடைதோறும் முழங்கியவர்கள், அந்தச் சுவரின் சொந்தக்காரரிடமே போய் நின்றார்கள். உங்கள் கதவைத் தமிழனுக்குச் சாத்துங்கள் என்று கேட்டார்கள். போய்ச் சேரும் நாட்டின் விசா கையில் இல்லாத தமிழனுக்கு இனி வழிப்பயண அனுமதி கிடையாது என்று கிழக்கு ஜெர்மனி இசைந்தது. அதே மாதத்தில் இரண்டு ஜெர்மனிகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, வாணிபத்தில் வட்டியில்லாமல் பற்று வைத்துக்கொள்ளும் வரம்பு 60 கோடி மார்க்கிலிருந்து 85 கோடியாக உயர்ந்தது. ஒன்றுக்கு ஒன்று விலை என்பதைப் பின்னாளில் வரலாற்றாசிரியர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

ஜூனில் ஒரு வேலியை எடுக்க முடிவு. ஜூலையில் ஒரு வேலி விலைக்கு வாங்கப்பட்டது. அதற்குப் பிறகு 40 ஆண்டுகளாக ஐரோப்பா செய்துவருவதைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு மாதங்களை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

வெளிநாட்டான் என்றால் ஐரோப்பாவுக்கு எப்போதுமே அச்சம்தானா? இல்லை, தோழர்களே! ஆலைக்கு ஆள் தேவைப்பட்ட காலத்திலே அவர்களே தேடிப் போனார்கள். மேற்கு ஜெர்மனி 1955இல் இத்தாலியோடும், 1960இல் ஸ்பெயின், கிரீஸ் நாடுகளோடும், 1961இல் துருக்கியோடும், 1964இல் போர்ச்சுகலோடும் ஆள் எடுக்கும் ஒப்பந்தங்கள் போட்டது. இஸ்தான்புல்லிலே ஜெர்மன் அலுவலகம் திறந்தார்கள். வந்தவர்களை வரிசையில் நிறுத்தி, உடம்பைச் சோதித்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்து எடுத்தார்கள். மாட்டுச் சந்தைக்குப் போய்வந்த தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. “விருந்தினர் தொழிலாளி” என்று அழகான பெயரும் வைத்தார்கள். விருந்துக்கு வந்தவன் சுரங்கத்திலும் கார் ஆலையிலும் இரவு பகலாக உழைத்தான்!

1964 செப்டம்பர் 10ஆம் நாள் கொலோன் நகரத்து ரயில் நிலையத்திலே வாத்தியம் முழங்கியது. பத்து லட்சமாவது விருந்தினர் தொழிலாளி வந்து இறங்கினார். போர்ச்சுகல் நாட்டுத் தச்சர். கையிலே பூங்கொத்து, பரிசாக ஒரு மொபெட் வண்டி. அந்த வண்டி பான் நகரத்து அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தத் தச்சரோ புற்றுநோய் கண்டு ஊர் திரும்பி, ஜெர்மன் நோய்க்காப்பீட்டில் தமக்கு உரிமை உண்டு என்பதே தெரியாமல், சேமித்த பணத்தைச் சிகிச்சைக்குக் கரைத்து, 1979இல் மாண்டார்.

1973இல் எண்ணெய் நெருக்கடி. அந்த நவம்பரிலேயே ஆள் எடுப்பதை நிறுத்து என்று உத்தரவு. அதுவரை வெளிநாட்டுத் தொழிலாளியைப் பற்றிய கோப்பு தொழில் இலாகாவின் மேசையில் இருந்தது. பிறகு அது மெல்ல மெல்லப் போலீஸ் இலாகாவின் மேசைக்கு நகர்ந்தது. ஆள் அதே ஆள்தான், கோப்பு இருக்கும் மேசைதான் வேறு.

சொல்லும் சட்டமும்

இந்த மேசை மாற்றத்தை ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களிலே சிலர் கூர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். சர்வதேச உறவு என்ற துறையைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய நூல்கள் கரடுமுரடான நடையில் எழுதப்பட்டவை. ஆனால் உள்ளே இருக்கும் கருத்து நம் கிளைக்கழகத் தோழருக்கும் விளங்கக்கூடியதுதான்.

டென்மார்க்கின் ஓலே வேவர், பிரிட்டனின் பேரி பூசான், நெதர்லாந்தின் யாப் டி வில்டே ஆகிய மூவரும் 1998இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். கோபன்ஹேகன் சிந்தனை என்று அதைச் சொல்வார்கள். அவர்கள் கேட்டது எளிய கேள்வி: ஒரு பிரச்சினை எப்போது “பாதுகாப்புப் பிரச்சினை” ஆகிறது? ஆபத்து வந்தபோதா? இல்லை, அதிகாரத்தில் உள்ளவர் இது ஆபத்து என்று அறிவித்து, கேட்பவர்கள் அதை ஏற்றுக்கொண்டபோது. சினிமாக் கொட்டகையிலே ஒருவன் “தீ!” என்று கூவினால் என்ன நடக்கிறது? வாயிற்காப்போன் டிக்கெட் கேட்பதில்லை, யாரும் வரிசையில் நிற்பதில்லை, கிழவியைத் தள்ளிக்கொண்டு ஓடினாலும் கேள்வியில்லை. அதுபோல, “நாட்டின் பாதுகாப்பு” என்று ஒருமுறை சொல்லிவிட்டால், வழக்கமாக நடக்க வேண்டிய விவாதம், வரவு செலவுக் கணக்கு, நீதிமன்றம் எல்லாம் ஒதுங்கி நிற்கின்றன. தீ இருக்கிறதா என்று பார்க்கப் போனவன் துரோகி!

பாரிஸ் நகரத்து டிடியே பீகோ இதற்கு ஒரு திருத்தம் சொன்னார். மேடையிலே கூவுகிறவனை மட்டும் பார்க்காதீர்கள், கொட்டகையின் காவலர்களைப் பாருங்கள் என்றார். பனிப்போர் முடிந்ததும் உளவாளிகள், எல்லைப் போலீசார், கைரேகை நிபுணர்கள், கருவி விற்கும் கம்பெனிகள் எல்லோருக்கும் புதிய வேலை வேண்டியிருந்தது. பயங்கரவாதி, கஞ்சா கடத்துகிறவன், அகதி மூவரும் ஒரே பட்டியலில், ஒரே இயந்திரத்தில் ஏறினார்கள். யாரும் சொற்பொழிவு ஆற்ற வேண்டிய தேவையே இல்லாமல், அன்றாட அலுவலாகவே அகதி ஆபத்தாகிவிட்டான். பெல்ஜியத்து அறிஞர் யெஃப் ஹைஸ்மன்ஸ் 2000இல் எழுதிய கட்டுரை, உள்ளே எல்லையை எடுத்ததற்கு ஈடாக வெளியே எல்லையை இறுக்க வேண்டும் என்ற ஒரு வாதமே இந்தக் காரியத்தைச் செய்தது என்று காட்டிற்று.

நமக்கு இவற்றைவிட அதிகம் பயன்படுவது விர்ஜினி கிரோதோன் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் அதே 2000இல் சொன்னது. 1980களிலே ஐரோப்பிய நாடுகளின் போலீஸ் மந்திரிகளுக்கு ஒரு தொல்லை. சொந்த நாட்டிலே கெடுபிடி செய்தால் நீதிபதி குறுக்கே நிற்கிறார். வேறு இலாகாக்காரர் எதிர்க்கிறார். தொழிற்சங்கமும் மாதா கோயிலும் கூச்சல் போடுகின்றன. என்ன வழி? ஐரோப்பிய மட்டத்துக்குப் போய்விடு! அங்கே மூடிய அறை. அந்த அறையிலே எல்லோரும் போலீஸ் மந்திரிகள். அங்கே முடிவு செய்துகொண்டு ஊருக்குத் திரும்பி, “நாங்கள் என்ன செய்வது, ஐரோப்பா முடிவு செய்துவிட்டதே” என்று கைவிரி. பஞ்சாயத்திலே தோற்கிற வழக்கைச் சாதகமான வேறு சபைக்குக் கொண்டுபோகிற தந்திரம் நம் ஊர் மிராசுதாரருக்கும் புதிதல்ல.

அப்படிப்பட்ட அறைகளிலே சமைக்கப்பட்டதுதான் டப்ளின் ஒப்பந்தம். 1990 ஜூனில் கையெழுத்தாகி 1997இல் நடைமுறைக்கு வந்தது. வேறு தொடர்பு எதுவும் இல்லாத அகதியின் மனுவை, அவன் முதலில் கால் வைத்த நாடே விசாரிக்க வேண்டும் என்றது அது. நியாயம் போலத் தோன்றுகிறதா? தேசப்படத்தை எடுத்துப் பாருங்கள். படகில் வருகிறவன் முதலில் கால் வைக்கும் நாடு எது? ஜெர்மனியா? நெதர்லாந்தா? இத்தாலி, கிரீஸ், மால்டா. பணக்கார வடக்கு, பாரத்தைத் தெற்கின் தோளிலே இறக்கிவைத்தது. தெற்கோ, தன் பங்குக்கு, ஆள் கரையேறாமலே இருந்தால் நல்லது என்று நினைக்கத் தொடங்கிற்று.

வலையிலே வந்த அட்டை

கோபன்ஹேகன் சிந்தனைக்கு 2000ஆம் ஆண்டில் லேனே ஹான்சன் என்ற டென்மார்க் பெண் அறிஞர் ஒரு குறை சொன்னார். ஆபத்து என்று அறிவிக்க வாய் உள்ளவனைப் பற்றியே பேசுகிறீர்கள். வாய் திறக்க முடியாத நிலையில் இருப்பவனுடைய ஆபத்து உங்கள் கணக்கில் எங்கே என்று கேட்டார். அவர் முதலில் பெண்களை நினைத்துக் கேட்டார். நாம் ஒரு கப்பலை நினைத்துக் கேட்கலாம்.

1996 டிசம்பர் 25ஆம் நாள் இரவு. சிசிலித் தீவுக்குத் தெற்கே கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. யோஹான் என்ற கப்பலிலே இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். நடுக்கடலிலே அவர்களில் சில நூறு பேரைச் சிறிய மரக்கலம் ஒன்றுக்கு மாற்றினார்கள். அந்தக் கலத்தோடு யோஹானே மோதியது. குறைந்தது 283 பேர் மூழ்கினார்கள். மாண்டவர்களிலே ஈழத்தமிழர் பலர். பிழைத்தவர்களைக் கிரீஸ் நாட்டுக் கரையிலே இறக்கிவிட்டார்கள். கப்பல் மூழ்கியது, எங்கள் தம்பிகள் போய்விட்டார்கள் என்று அவர்கள் கதறினார்கள். அதிகாரிகள் நம்பவில்லை. பிணம் எங்கே, கப்பல் எங்கே என்று கேட்டார்கள்.

பிணங்கள் போர்ட்டோபாலோ என்ற ஊரின் மீனவர்களுடைய வலைகளிலே வந்துகொண்டிருந்தன. கரைக்குக் கொண்டுபோனால் விசாரணை என்று படகைப் பிடித்துவைப்பார்கள், பிழைப்புப் போகும் என்று அஞ்சி, மீனவர்கள் அவற்றைக் கடலிலேயே திரும்பப் போட்டார்கள். அவர்களைத் திட்டி என்ன பயன்? அன்றாடங்காய்ச்சியை அப்படிச் செய்யவைத்த சட்டத்தை அல்லவா பார்க்க வேண்டும்! நான்கு ஆண்டுகளுக்குமேல் இந்த மௌனம் நீடித்தது. பிறகு ஒரு மீனவரின் வலையிலே உடுப்போடு ஓர் அடையாள அட்டை வந்தது. தமிழ் இளைஞன் ஒருவனுடைய அட்டை. அந்த மீனவருக்கு மனம் பொறுக்கவில்லை. ரோம் நகரத்துப் பத்திரிகை நிருபர் ஜோவான்னி மரியா பெல்லுவிடம் சொன்னார். 2001 ஜூனில் அந்த நிருபர் கடலுக்குள் கேமராவை இறக்கி, நூறு மீட்டருக்கும் கீழே கிடந்த கலத்தையும் எலும்புகளையும் படம் பிடித்து உலகத்துக்குக் காட்டினார். அரசாங்கத்துக்குத் தெரியாததை ஓர் அட்டையும் ஒரு மீனவரும் தெரிவித்தார்கள். இத்தாலிய மொழியறியாத அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கு எந்த மந்திரியும் கடிதம் எழுதியதாக நாம் படித்ததில்லை.

அடுத்த பேரழிவை மறைக்க முடியவில்லை. 2013 அக்டோபர் 3ஆம் நாள் லம்பெதூசா தீவின் கண்ணுக்கெட்டும் தூரத்திலே 368 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் எரித்ரியர். சவப்பெட்டிகளின் வரிசை பத்திரிகையில் வந்தது. இத்தாலி வெட்கப்பட்டது; அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தன் கடற்படையை அனுப்பி ஓராண்டில் ஏறத்தாழ 1,50,000 பேரைக் காப்பாற்றியது. செலவு மாதம் 90 லட்சம் யூரோ. மற்ற நாடுகளே, பங்கு கொடுங்கள் என்று கேட்டது. கொடுத்தார்களா? காப்பாற்றினால் இன்னும் அதிகம் பேர் வருவார்கள் என்று லண்டன் அரசாங்கம் 2014இல் விளக்கம் சொன்னது. மூழ்கவிட்டால் வரமாட்டார்கள் என்பதுதானே அதற்குப் பொருள்! அந்த அக்டோபரோடு இத்தாலிய நடவடிக்கை முடிந்தது. பதிலுக்கு ஐரோப்பிய எல்லைக் காவல் நிறுவனமான பிரான்டெக்ஸ், மாதம் 29 லட்சம் யூரோ செலவில், கரைக்கு அருகே ஒரு காவல் நடத்திற்று. 2015 ஏப்ரல் 18ஆம் நாள் ஒரே கப்பலில் 800 பேருக்குமேல் மாண்டார்கள். கப்பலைக் குறைத்தார்கள், வருகிறவர்கள் குறையவில்லை, சாகிறவர்கள் கூடினார்கள். 2014க்குப் பிறகு மத்தியதரைக் கடலில் மாண்டும் காணாமலும் போனவர்கள் 30,000 பேருக்கு மேல் என்று சர்வதேசக் குடிபெயர்வு அமைப்பின் கணக்கு காட்டுகிறது.

அந்தப் பிரான்டெக்ஸ் நிறுவனத்தை மட்டும் காசு இல்லை என்று யாரும் திருப்பி அனுப்பியதில்லை. 2005இல் அதன் ஆண்டுச் செலவு 60 லட்சம் யூரோ அளவில் இருந்தது. 2023இல் 84 கோடியைத் தாண்டிவிட்டது. அதன் தலைவராக இருந்த ஃபாப்ரிஸ் லெஜெரி, அகதிகளைக் கடலில் திருப்பித் தள்ளியதை நிறுவனம் மூடி மறைத்தது என்ற விசாரணைக்குப் பிறகு 2022 ஏப்ரலில் பதவி விலகினார். இரண்டே ஆண்டுகளில், பிரான்சின் தீவிர வலதுசாரிக் கட்சியின் வேட்பாளராக நின்று, ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினராகிவிட்டார்.

இனி 1985ஆம் ஆண்டு வழிக்கு வருவோம். வேலியை விலைக்கு வாங்குவது!

2012 பிப்ரவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இத்தாலியைக் கண்டித்தது. 2009இல் நடுக்கடலில் பிடித்த சோமாலியரையும் எரித்ரியரையும் இத்தாலியக் கப்பலே லிபியாவில் கொண்டுபோய் விட்டது குற்றம் என்றது. நல்ல தீர்ப்பு. மந்திரிகள் அதிலிருந்து கற்ற பாடம் என்ன? நம் கப்பல் செய்தால்தானே குற்றம், லிபியாக்காரன் கப்பல் செய்யட்டுமே! 2017 பிப்ரவரியில் இத்தாலி லிபியாவோடு உடன்படிக்கை செய்தது. படகு ஐரோப்பா கொடுத்தது, பயிற்சி ஐரோப்பா கொடுத்தது, பிடிக்கும் கை மட்டும் லிபியாவினுடையது. பிடிபட்டவர்கள் போய்ச் சேரும் சிறைக்கூடங்களிலே சித்திரவதையும் அடிமைத்தனமும் நடப்பதாகவும், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவி அதற்குத் துணைபோயிற்று என்றும் ஐக்கிய நாடுகளின் உண்மை அறியும் குழு 2023 மார்ச்சில் எழுதிவைத்தது.

துருக்கிக் கதை இன்னும் விசித்திரம். 2016 மார்ச் 18ஆம் நாள் ஒப்பந்தம்: கிரீஸ் தீவுகளுக்கு வந்தவர்களைத் துருக்கி திருப்பி எடுத்துக்கொள்ளும், துருக்கியில் உள்ள அகதிகளுக்காக 600 கோடி யூரோ. அகதிகள் சிலர் ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2017 பிப்ரவரியில் நீதிமன்றம் சொன்ன பதில்: இதை ஐரோப்பிய ஒன்றியத்தின் நிறுவனம் எதுவும் செய்யவில்லை, தனித்தனி நாடுகளின் தலைவர்கள் செய்தார்கள், ஆகவே விசாரிக்க எமக்கு அதிகாரமில்லை! ஒன்றியத்தின் கட்டடத்திலே, ஒன்றியத்தின் பெயரிலே அறிக்கை வெளியாயிற்று. ஆனால் ஒன்றியம் செய்யவில்லையாம். ஊர்கூடித் தேர் இழுத்துவிட்டு, தேர் ஏறிச் செத்தவனுக்கு எந்தக் கையும் பொறுப்பில்லை என்பது போல. கிரோதோன் சொன்ன மூடிய அறைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வேலியை விற்றவன் சும்மா இருப்பானா? விலையை ஏற்றுவான். 2010இல் லிபியாவின் கடாபி ரோம் நகரத்துக்கே வந்து ஆண்டுக்கு 500 கோடி யூரோ கேட்டார். இல்லையேல் ஐரோப்பா கறுப்பாகிவிடும் என்று மிரட்டினார். 2020இல் துருக்கி கதவைத் திறந்துவிட்டது. 2021இல் மொராக்கோ கண்ணை மூடிக்கொண்டது. இரண்டே நாளில் சேவுத்தா நகருக்குள் ஏறத்தாழ 8,000 பேர் நுழைந்தார்கள். பாதுகாப்புக்காகக் காசு கொடுத்தவன் கடைசியில் காவல்காரனுக்கே அஞ்சி நடுங்குகிறான்.

இத்தனைக்கும் காரணம் எண்ணிக்கைதான் என்று சிலர் சொல்லுகிறார்கள். ஐரோப்பா எத்தனை பேரைத்தான் தாங்கும் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, கணக்கால் பதில் சொல்லுவோம். 2015இல் கடல் வழியே வந்தவர்கள் பத்து லட்சத்தைச் சற்றே தாண்டினார்கள். ஒன்றியத்தின் மக்கள்தொகை அப்போது 50 கோடி. ஐந்நூறு பேருக்கு ஒருவர். அதற்கே நெருக்கடி, படையெடுப்பு, நாகரிகத்துக்கு ஆபத்து என்றெல்லாம் கூக்குரல். 2022 பிப்ரவரி 24ஆம் நாள் ரஷ்யா உக்ரேன்மீது முழுப் போர் தொடுத்தது. ஓடிவந்தவர்களுக்கு மார்ச் 4ஆம் நாளே ஐரோப்பிய மந்திரிகள் ஒருமனதாகத் தற்காலிகப் பாதுகாப்பு வழங்கினார்கள். தங்கும் உரிமை, வேலை, பள்ளி, மருத்துவம், எல்லாம் உடனே. எட்டு நாளில்! அந்தச் சட்டம் யூகோஸ்லாவியப் போர்களுக்குப் பிறகு 2001இல் இயற்றப்பட்டு 21 ஆண்டுகள் அலமாரியில் தூங்கிக் கிடந்தது. சிரியாக்காரனுக்கு அதை எடுக்கவில்லை. 40 லட்சத்துக்கு மேற்பட்ட உக்ரேனியருக்கு இடம் கிடைத்தது. அதனால் எந்த நாகரிகமும் அழிந்துவிடவில்லை. உக்ரேன் மக்களுக்குச் செய்தது சரி, மிகவும் சரி. முடியாது என்று சொல்லிவந்தது பொய் என்பதற்கு அதுவே சாட்சி. உக்ரேனிலே படித்துக்கொண்டிருந்த ஆப்பிரிக்க, இந்திய மாணவர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை வழக்கமாகக் கிட்டவில்லை. உங்கள் நாட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்றார்கள்.

தோட்டத்திலே வேலி

இங்கே நம் தொழிலாளித் தோழர் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: வெளியிலிருந்து ஆள் வந்தால் உள்ளூர்க்காரன் கூலி குறையாதா? வயிற்றோடு சம்பந்தப்பட்ட கேள்வி, ஒதுக்கித் தள்ளக்கூடாது.

இத்தாலியின் தெற்கே ரோசார்னோ என்ற ஊர். ஆரஞ்சுத் தோட்டங்கள். 2010 ஜனவரியில் அங்கே பழம் பறித்த ஆப்பிரிக்கத் தொழிலாளர் கலகம் செய்தார்கள். அவர்கள்மீது துப்பாக்கிக் குண்டு பாய்ந்ததே தொடக்கம். ஒரு நாள் கூலி 25 யூரோ அளவு. அதே வேலைக்குச் சட்டப்படியான கூலியைக் கேட்டால் என்ன ஆகும்? போலீசைக் கூப்பிடுவேன் என்பான் தோட்டக்காரன். காகிதம் இல்லாதவன் வாயை மூடிக்கொள்வான். கூலியைக் குறைப்பது வந்தவனுடைய நிறமல்ல, அவன் தலைக்குமேல் தொங்கும் நாடுகடத்தல். அந்தக் கத்தியை எடுத்துவிட்டால் அவன் சங்கத்தில் சேருவான், உள்ளூர்க்காரனுக்கு இணையான கூலி கேட்பான். கத்தி தொங்கும்வரை இருவர் கூலியும் கீழேதான்.

2024 ஜூனிலே ரோம் நகருக்குத் தெற்கே லத்தீனா மாவட்டத்துப் பண்ணையொன்றில், காகிதமில்லாத பஞ்சாபித் தொழிலாளி ஒருவருடைய கையை இயந்திரம் துண்டித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களா? வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். துண்டான கையைப் பழம் அடுக்கும் பெட்டியிலே வைத்திருந்தார்கள். அவர் இறந்தார். இத்தாலியத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. உள்ளூர்த் தொழிலாளியும் இந்தியத் தொழிலாளியும் ஒன்றாகத் தெருவில் இறங்கினார்கள்.

குடியேற்றத்தை ஒழிப்போம் என்று ஓட்டு வாங்கிய ஜோர்ஜா மெலோனி அம்மையாரின் அரசாங்கம் 2023இல் இரண்டு ஆணைகள் போட்டது. ஒன்று, கடலில் பிடித்தவர்களை அல்பேனியாவிலே முகாம் கட்டி அடைப்பது. நீதிமன்றங்கள் அதைப் பலமுறை தடுத்தன. மற்றொன்று, 2023 முதல் 2025 வரை மூன்றாண்டுகளில் 4,52,000 வெளிநாட்டுத் தொழிலாளருக்கு அனுமதி. முதல் ஆணை முழக்கத்துக்கு; இரண்டாவது முதலாளிக்கு. உழைக்கும் கை வேண்டும், கையோடு சேர்ந்த மனிதனின் குரல் வேண்டாம் என்பது 1961இல் இஸ்தான்புல்லில் பல்லைப் பார்த்த காலத்துப் புத்திதான்.

2024இல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய குடிபெயர்வுச் சட்டத்தொகுதி ஒன்றை நிறைவேற்றியது. 2026 ஜூனிலிருந்து நடைமுறை என்று அதில் குறித்தார்கள். அகதிகளில் தன் பங்கை ஏற்க விரும்பாத நாடு, தலைக்கு 20,000 யூரோ கட்டிவிடலாம். எல்லையிலேயே அடைத்துவைத்து அவசர விசாரணை செய்யலாம். பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் சட்டம் என்று அதற்குப் பெயர்.

அதற்கு முந்திய ஆண்டு, 2023 ஜூன் 14ஆம் நாள், கிரீஸின் பைலோஸ் கடற்பகுதியிலே ஏறத்தாழ 750 பேரோடு ஒரு மீன்பிடிக் கப்பல் கவிழ்ந்தது. மணிக்கணக்காக அது கண்காணிப்பில் இருந்தது. விமானம் பார்த்தது, கடலோரக் காவல்கப்பல் அருகிலேயே நின்றது. பிழைத்தவர்கள் 104 பேர். கிடைத்த உடல்கள் 82. பெண்களும் குழந்தைகளும் கப்பலின் அடித்தட்டிலே இருந்ததாகப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். முதலில் குற்றவாளிகள் என்று சிறையில் அடைக்கப்பட்டவர்கள் யார் தெரியுமா? பிழைத்தவர்களிலே ஒன்பது எகிப்தியர்! பதினொரு மாதத்துக்குப் பிறகு, சம்பவம் சர்வதேசக் கடலில் நடந்தது, விசாரிக்க எமக்கு அதிகாரமில்லை என்று கலமாட்டா நீதிமன்றம் அவர்களை விட்டது. 2025 மே மாதத்தில் பிரேயஸ் நகரத்துக் கடற்படை நீதிமன்றத்தின் அரசு வழக்கறிஞர் கடலோரக் காவல்படையினர் 17 பேர்மீது குற்றம் சாட்டினார். அவர்களில் காவல்கப்பலின் தலைவரும் ஒருவர்.